பஞ்சாபின் தண்ணீர்ச் சட்டமும் டெல்லிப் புகையும்: பெருந்தரவு காட்டும் கணக்கு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பஞ்சாப் அரசு 2009-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஜூன் 10-க்கு முன்னால் யாரும் நெல் நடவு செய்யக் கூடாது. நிலத்தடி நீரைக் காப்பாற்றத்தான் இந்தத் தடை. பத்து ஆண்டுகள் கழித்து, அதே சட்டத்துக்கும் வட இந்தியாவின் நவம்பர் மாதப் புகைக்கும் தொடர்பு உண்டு என்று ஓர் ஆய்வு காட்டியது. சட்டம் எழுதியவர்கள் யாரும் காற்றைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள். யோசிக்கக் காரணமும் அப்போது இல்லை. ஒரு வேளாண் கொள்கை சுற்றுச்சூழலில் என்னவெல்லாம் செய்கிறது என்பதைப் பெருந்தரவு கொண்டு எப்படி அளக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

பெருந்தரவு என்று இங்கே எதைச் சொல்கிறீர்கள்?

ஒரே பெரிய கோப்பு என்று நினைத்துவிட வேண்டாம். தனித்தனிக் காரணங்களுக்காக, தனித்தனி ஆட்கள் சேர்த்துவைத்த பல தரவுகளை ஒரே வரைபடத்தின் மேல் அடுக்குவதுதான் இங்கே வேலை.

பஞ்சாபுக்கு அந்த அடுக்குகள் இவை. பூமியின் ஈர்ப்பு விசை மாற்றத்தை அளக்கும் செயற்கைக்கோள்கள். வயல் எப்போது பச்சையாகிறது, எப்போது காய்கிறது என்று காட்டும் லேண்ட்சாட், சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள். தீயின் வெப்பத்தைப் பிடிக்கும் மோடிஸ், வீர்ஸ் என்ற கருவிகள். மத்திய நிலத்தடி நீர் வாரியம் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை எடுக்கும் நீர்மட்ட அளவுகள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றுத்தர நிலையங்கள். இவற்றோடு மழை, காற்று, வெப்பநிலைப் பதிவுகள். மோடிஸ் கருவி பஞ்சாபின் தண்ணீர்ச் சட்டத்துக்காக விண்ணுக்குப் போகவில்லை. ஆனால் சட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டுகளின் பதிவும் பிந்தைய ஆண்டுகளின் பதிவும் அதில் அப்படியே இருக்கின்றன. நடந்து முடிந்த ஒன்றை யாரும் திரும்பப் போய் அளக்க முடியாது. அதனால்தான் இந்தப் பழைய பதிவுகளுக்கு இவ்வளவு மதிப்பு.

இந்தச் சட்டம் ஏன் தேவைப்பட்டது?

பஞ்சாப் அரிசி சாப்பிடுகிற மாநிலம் இல்லை, கோதுமை ரொட்டி சாப்பிடுகிற மாநிலம். 1960-61-ல் அங்கே நெல் பயிரான பரப்பு சுமார் 2.27 லட்சம் ஹெக்டேர். இன்று 30 லட்சம் ஹெக்டேருக்கு மேல். குறைந்தபட்ச ஆதரவு விலை கொடுத்து அரசு நெல்லை உறுதியாக வாங்கியது. 1997 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் ஆனது. நாட்டுக்கு அரிசி வேண்டியிருந்தது, பஞ்சாப் விவசாயி விளைவித்துக் கொடுத்தார். அவரை அந்தப் பயிருக்குள் கொண்டுபோனது நம்முடைய கொள்கைதான். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மேலே படிக்க வேண்டும்.

விளைவு எங்கே வந்து நிற்கிறது? மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2023 கணக்குப்படி, பஞ்சாபில் எடுக்கத்தக்க நீர் 100 பங்கு என்றால் எடுப்பது சுமார் 164 பங்கு. 153 வட்டாரங்களில் 117 அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை.

மே மாத வெயிலில் நடவு செய்தால் மழை வரும்வரை வயலில் நீரைத் தேக்கி நிறுத்த வேண்டும். எல்லாம் போர்வெல் தண்ணீர். நடவைப் பருவமழைக்குப் பக்கத்தில் தள்ளினால் நீர் மிச்சமாகும் என்பதுதான் யோசனை. 2008-ல் அவசரச் சட்டமாக வந்தது, 2009-ல் முழுச் சட்டமானது. மே 10-க்கு முன் நாற்றுவிடக் கூடாது, ஜூன் 10-க்கு முன் நடக் கூடாது. மீறினால் ஒரு ஹெக்டேருக்கு மாதம் 10,000 ரூபாய் அபராதம். அதே ஆண்டில் ஹரியானாவும் இதேபோன்ற சட்டம் போட்டது. பஞ்சாபில் பிறகு இந்தத் தேதி ஜூன் 15 ஆனது (2014), ஜூன் 20 ஆனது (2018), ஜூன் 13-க்குத் திரும்பியது (2019). 2025-ல் மண்டல வாரியாக ஜூன் 1 முதலே அனுமதித்தார்கள்.

பூமிக்கு அடியில் இருக்கும் தண்ணீரைச் செயற்கைக்கோள் எப்படிப் பார்க்கும்?

பார்க்காது, எடை போடும். கிரேஸ் என்ற பெயரில் இரண்டு செயற்கைக்கோள்கள் 2002 மார்ச்சில் போயின. ஒன்றன்பின் ஒன்றாக, சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்தன. கீழே நிறை அதிகமுள்ள இடத்தை நெருங்கும்போது முன்னால் போவது சற்று வேகமாக இழுக்கப்படும், இடைவெளி இம்மியளவு கூடும். அந்த இம்மியை மாதாமாதம் அளந்தால் ஒரு பகுதியில் நீர் சேர்ந்ததா, குறைந்ததா என்று தெரியும். மண் ஈரம், பனி, ஆற்று நீர் ஆகியவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது நிலத்தடி நீரின் மாற்றம்.

நாசாவின் மாத்யூ ரோடெல், இசபெல்லா வெலிகோக்னா, ஜேம்ஸ் ஃபாமிக்லியெட்டி ஆகியோர் 2009-ல் வெளியிட்ட கணக்குப்படி, டெல்லி உட்பட ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானாவில் 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் போய்விட்டது. நமக்குப் பழக்கமான அளவில் சொன்னால், மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நிரம்பி வழியும் அந்த அணையை 41 முறை காலி செய்ததற்குச் சமம். ஆறே ஆண்டுகளில்.

அப்படியானால் அந்தச் சட்டம் தண்ணீரைச் சேமித்ததா என்று கிரேஸைக் கேட்டுவிடலாமே?

முடியாது. இந்தத் துறையில் நான் அதிகம் பார்க்கும் தவறும் இதுதான்.

கிரேஸின் பார்வை மங்கல். சில நூறு கிலோமீட்டர் அகலமுள்ள நிலப்பரப்பைத்தான் அதனால் தனியாகப் பிரித்தறிய முடியும். மேலே சொன்ன மூன்று மாநிலங்களும் சேர்ந்து நான்கு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். பஞ்சாப் மட்டும் 50,362 சதுர கிலோமீட்டர். அந்த அளவுக்கு இறங்கிவந்து, ஒரு மாநிலத்தின் ஒரு சட்டத்தை எடை போடச் சொன்னால் கிரேஸ் தரும் பதிலை நம்பக் கூடாது. அங்கே கிணற்றுக்குள் நாடா இறக்கி எடுத்த அளவுதான் வேண்டும்.

சரி, கிணற்று அளவை எடுத்துக்கொள்வோம். அங்கும் சிக்கல். சட்டம் வந்த 2009-ம் ஆண்டு நாடு முழுக்கக் கடும் வறட்சி. அந்த ஆண்டில் நீர்மட்டம் இறங்கினால் சட்டம் தோற்றது என்று சொல்ல முடியுமா? அடுத்தடுத்த நல்ல மழையில் ஏறினால் சட்டம் வென்றது என்று சொல்ல முடியுமா? பக்கத்து மாநிலத்தோடு ஒப்பிடலாம் என்றால், ஹரியானாவும் அதே ஆண்டில் அதே வகைச் சட்டம் போட்டுவிட்டது. ஒப்பிட ஆளே இல்லை.

இன்னொன்றும் உண்டு, இதை விவசாயிகள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். நெல் வயலில் நிற்கும் நீரில் ஒரு பகுதி மண் வழியாகத் திரும்பக் கீழே இறங்குகிறது. பம்பு ஓடிய நேரம் குறைந்தது என்பதால் அவ்வளவு நீரும் மிச்சம் என்று அர்த்தமில்லை. ஆவியாகிப் போகாமல் தடுத்த நீர்தான் உண்மையான சேமிப்பு. மே மாதத்து அனல் காற்றில் ஆவியாவதும் ஜூன் கடைசியில் ஈரக் காற்றில் ஆவியாவதும் ஒன்றல்ல என்பதால் சட்டத்தின் யோசனை அடிப்படையில் சரியானதே. ஆனால் மின்சார அலகுகளை மட்டும் எண்ணிச் சேமிப்பைக் கணக்கிட்டால் அது பெருகித் தெரியும்.

தண்ணீர்ச் சட்டத்துக்கும் புகைக்கும் என்ன சம்பந்தம்?

நாட்காட்டிதான் சம்பந்தம். நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். ஆனால் கோதுமை விதைப்பு தள்ளிப்போக முடியாது. நவம்பர் நடுவுக்குள் விதைத்தால்தான் மார்ச் வெயிலுக்கு முன் மணி முற்றும். இரண்டு பயிருக்கும் நடுவில் இருந்த நாட்கள் சுருங்கின.

கம்பைன் அறுவடை இயந்திரம் கதிரை அறுத்துக்கொண்டு தாளை வயலிலேயே நிறுத்திவிட்டுப் போகும். பஞ்சாபில் ஆண்டுக்குச் சுமார் 200 லட்சம் டன் நெல் வைக்கோல் சேர்கிறது. நம் ஊரில் வைக்கோல் போர் என்றால் சொத்து. அங்கே மாட்டுக்குக் கோதுமை வைக்கோல்தான், நெல் வைக்கோலை யாரும் விரும்புவதில்லை. இரண்டு மூன்று வாரத்தில் வயலைக் காலி செய்ய ஒரு தீக்குச்சிதான் மலிவான வழி.

மக்காச்சோளம், கோதுமைக்கான பன்னாட்டு ஆய்வு மையமான சிமிட்டைச் சேர்ந்த பல்விந்தர் சிங் உள்ளிட்ட குழுவினர் 2019-ல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சங்கிலியைத் தரவில் தொட்டுக் காட்டியது. அக்டோபரில் பரவலாக நடந்துகொண்டிருந்த எரிப்பு, சட்டத்துக்குப் பின் நவம்பர் தொடக்கத்தில் வந்து குவிந்தது. தீயின் உச்சச் செறிவு 39% கூடியது. பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள் அளவு கிட்டத்தட்ட 30% கூடுவதற்கு அது வழிவகுத்தது.

எரித்த வைக்கோல் அதே வைக்கோல்தானே, பத்து நாள் தள்ளி எரித்தால் என்ன? வானிலை மாறிவிடுகிறது. நவம்பரில் குளிர் இறங்கும், காற்று ஓயும், புகை மேலே ஏறிக் கலைய இடமில்லாமல் தரையோடு படுக்கும். வடமேற்கிலிருந்து வீசும் மெல்லிய காற்று அதை டெல்லிப் பக்கம் நகர்த்தும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது எரிக்கும் விவசாயியின் வீட்டுக் குழந்தைகள்தான் என்பதை டெல்லியிலிருந்து எழுதுபவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

மாற்றத்துக்குச் சட்டம்தான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்? விளைச்சல் கூடியதும் இயந்திரம் பெருகியதும் காரணமாக இருக்கலாமே?

நல்ல கேள்வி. மொத்த எரிப்பின் அளவு கூடியதற்கு அவையும் காரணம்தான். சட்டம் எரிப்பை உண்டாக்கவில்லை, அது முன்பே இருந்தது. சட்டம் செய்தது தேதியைத் தள்ளியது. ஆகவே எத்தனை தீ என்று மட்டும் பார்க்காமல், எந்த நாளில் தீ என்று பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்கும்போது சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே சோதிக்கலாம். வயலில் நீர் நிற்கும் நாள் செயற்கைக்கோள் படத்தில் தெரியும். பயிர் பச்சையாகும் நாள் தெரியும், மஞ்சளாகும் நாளும் தெரியும், தீ வைத்த நாளும் தெரியும். இந்த நான்கும் 2008-9-ஐ ஒட்டி ஒன்றாகப் பின்னே நகர்ந்திருந்தால், அதை இயந்திரப் பெருக்கத்தின் மேல் போடுவது கடினம். இயந்திரம் மெதுவாகப் பெருகும், சட்டம் ஒரு தேதியில் வரும். பெருந்தரவின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது: தினந்தோறும் பதிவு இருப்பதால் காரணத்தையும் விளைவையும் வரிசைப்படுத்திப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒரு எண் மட்டும் கையில் இருந்தால் இது நடக்காது.

அரசுக் கணக்கில் தீச் சம்பவங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டனவே, பிரச்சினை தீர்ந்ததா?

எண்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பஞ்சாபில் செப்டம்பர் 15 முதல் நவம்பர் 30 வரை பதிவான தீச் சம்பவங்கள் 2020-ல் சுமார் 83,000. 2021-ல் 71,304, 2022-ல் 49,922, 2023-ல் 36,663, 2024-ல் 10,909.

இதில் உண்மையான முன்னேற்றம் உண்டு. 2018-19 முதல் மத்திய அரசு இயந்திரங்களுக்கு மானியம் தருகிறது. தாள் நிற்கும்போதே ஊடாகக் கோதுமை விதைக்கும் ஹேப்பி சீடர், வைக்கோலைக் கட்டாகக் கட்டும் இயந்திரம் எல்லாம் பரவியிருக்கின்றன. பிஆர் 126 போன்ற குறுகிய கால நெல் பரவி, நீண்ட நாள் எடுக்கும் பூசா 44-இன் இடத்தைப் பிடிக்கிறது. அந்த உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த எண்ணிக்கை எப்படி வருகிறது என்று பாருங்கள். மோடிஸ், வீர்ஸ் கருவிகளைத் தாங்கிய செயற்கைக்கோள்கள் பகலில் வட இந்தியாவைக் கடப்பது பெரும்பாலும் காலையிலும் பிற்பகல் ஒன்றரை மணி வாக்கிலும். மூன்றரை மணிக்கு வைத்த தீ அடுத்த முறை கடப்பதற்குள் அணைந்திருக்கும். நாசாவைச் சேர்ந்த ஹிரேன் ஜேத்வா 2024-ல் இதைச் சுட்டிக்காட்டினார். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஒரே இடத்தில் நின்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் எடுக்கும் தென்கொரியாவின் ஜியோ-காம்ப்சாட்-2ஏ செயற்கைக்கோளில், மற்றவை கடந்துபோன பிறகு புகை கிளம்புவது தெரிந்தது. தீ குறைந்த அளவுக்குக் காற்றில் துகள் குறையவில்லை என்பதும் அவர் கவனித்தது.

ஒரு எண்ணை வைத்து அபராதம் போட ஆரம்பித்தால் ஜனங்கள் அந்த எண்ணுக்கு ஏற்ப நடந்துகொள்வார்கள். இதற்கு விவசாயியைத் திட்டுவதில் பயன் இல்லை. எண்ணும் முறையை மாற்ற வேண்டும். கருகிய பரப்பு அடுத்த நாளும் கருப்பாகத்தான் இருக்கும். பத்து மீட்டர் நுணுக்கத்தில், ஐந்து நாளுக்கு ஒருமுறை சென்டினல்-2 எடுக்கும் படத்தில் அதை ஹெக்டேர் கணக்கில் அளக்கலாம். தீயின் எண்ணிக்கை, எரிந்த பரப்பு, காற்றின் துகள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் நான் ஒரு முடிவை நம்புவேன்.

செயற்கைக்கோள் படத்தை மட்டும் வைத்து விவசாயிக்கு அபராதம் போடலாமா?

கூடாது. வீர்ஸ் படத்தின் ஒரு புள்ளி 375 மீட்டருக்கு 375 மீட்டர், அதாவது சுமார் 14 ஹெக்டேர், 35 ஏக்கர். பஞ்சாபில் ஒரு குடும்பத்தின் சராசரி நிலம் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சுமார் 3.6 ஹெக்டேர். ஒரு புள்ளிக்குள் நான்கு பேர் நிலம் அடங்கும், எரித்தவர் ஒருவராக இருக்கலாம். மோடிஸ் புள்ளி இன்னும் பெரிது, 100 ஹெக்டேர்.

2024 நவம்பரில் மத்திய அரசு அபராதத்தை இரட்டிப்பாக்கியது: 2 ஏக்கருக்குக் கீழ் 5,000 ரூபாய், 2 முதல் 5 ஏக்கர் வரை 10,000, அதற்கு மேல் 30,000. பஞ்சாபில் நிலப் பதிவேட்டில் சிவப்புக் குறிப்பும் எழுதுகிறார்கள். நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ போகும்போது அந்தக் குறிப்பு முன்னே வந்து நிற்கும். புள்ளியைப் பார்த்துவிட்டு ஒருவர் நேரில் போய் வயலைப் பார்க்காமல் இதைச் செய்தால் அது அநியாயம்.

அப்படியானால் தண்ணீர்ச் சட்டம் தவறா?

தவறென்று நான் சொல்லமாட்டேன். நீர்மட்டம் அப்படி இறங்கிக்கொண்டிருந்தபோது ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் அதுதான் பெரிய தவறு. குறை என்னவென்றால், தண்ணீர் ஒரு துறையிடம், காற்று இன்னொரு துறையிடம், கொள்முதல் விலை மூன்றாவது துறையிடம், மின்சாரம் நான்காவது துறையிடம் இருக்கிறது. ஒவ்வொன்றும் தன் பத்தியில் உள்ள எண்ணை மட்டும் பார்த்தது. நெல்லையும் இலவச மின்சாரத்தையும் தொடாமல் நடவுத் தேதியை மட்டும் நகர்த்தினால் சுமை வேறெங்காவது போய்த்தான் உட்காரும். இந்த முறை அது காற்றில் போய் உட்கார்ந்தது.

மாற்று முயற்சிகள் நடக்காமலும் இல்லை. பஞ்சாப் 2018-ல் 'பானி பச்சாவ், பைசா கமாவ்' (தண்ணீரைச் சேமி, காசு சம்பாதி) என்ற சோதனைத் திட்டத்தில், ஒதுக்கிய மின்சாரத்தில் மிச்சம் பிடித்த ஒவ்வொரு அலகுக்கும் விவசாயிக்கு 4 ரூபாய் கொடுத்தது. மீட்டர் பொருத்த விவசாயி தானே முன்வருகிற மாதிரி அமைந்ததால் அந்தத் திட்டம் எனக்குப் பிடிக்கும். தரவு அங்கே அவர் பையில் பணமாகிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன இருக்கிறது?

இங்கேயும் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். ஆனால் பஞ்சாபின் முறையை அப்படியே தூக்கிவந்து வைக்க முடியாது. நம் மாநிலத்தின் பெரும்பகுதி கடினப்பாறை. நீர் வெடிப்புகளில் தேங்குகிறது, ஒரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் மட்டம் மாறும். கிரேஸின் மங்கலான பார்வை இங்கே இன்னும் குறைவாகவே உதவும். சராசரி நிலம் சுமார் 0.75 ஹெக்டேர் என்பதால் ஒரு வீர்ஸ் புள்ளிக்குள் ஏறத்தாழ 19 பேர் நிலம் அடங்கும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் டெல்டாவின் மேல் மேகம் மூடிக்கிடக்கும், சாதாரணப் படத்தில் சம்பா தெரியாது. மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் ரேடார் படம் வேண்டும். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சென்டினல்-1 ரேடார் படங்களைக் கொண்டு நெற்பரப்பைக் கணித்துவருகிறது. பயிர்க் காப்பீட்டுக்கும் அது பயன்பட்டிருக்கிறது. மேட்டூர் திறக்கும் ஜூன் 12 என்பதும் ஒரு கொள்கைத் தேதிதானே? அது முன்பின் நகரும் ஒவ்வோர் ஆண்டும் குறுவை, சம்பா, அறுவடை, பம்பு ஓடும் நேரம் எல்லாம் எப்படி நகர்கின்றன என்று இதே முறையில் பார்க்கலாம். யாராவது ஆராய்ச்சி மாணவர் இதைக் கையில் எடுத்தால் எனக்குச் சந்தோஷம்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி ஆட்கள் கிணற்றை அளக்க வேண்டுமா?

வேண்டும். கிணற்று அளவு இல்லாமல் எந்தக் கணினி மாதிரியையும் சரிபார்க்க முடியாது.

இந்தத் தரவை நானே பார்க்க முடியுமா?

முடியும், காசு வேண்டாம். தீப் பதிவுகளுக்கு நாசாவின் ஃபர்ம்ஸ் வரைபடம் இருக்கிறது. நிலத்தடி நீருக்கு இந்தியா-விரிஸ் தளம், பொதுவான படங்களுக்கு இஸ்ரோவின் புவன். கணினி நிரல் கொஞ்சம் தெரிந்தால் கூகுள் எர்த் எஞ்சினில் லேண்ட்சாட் தொடங்கிப் பல பத்தாண்டுப் படங்களை அலசலாம்.

முதல் பயிற்சியாக இதைச் செய்து பாருங்கள். ஃபர்ம்ஸில் பஞ்சாபை எடுத்து, அக்டோபர் 10 முதல் நவம்பர் 20 வரை நாள் வாரியாகத் தீப்புள்ளிகளை எண்ணுங்கள். முதலில் 2006, 2007 ஆகிய ஆண்டுகளுக்கு. அப்புறம் 2015, 2016-க்கு. உச்சம் எந்த நாளில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: வீர்ஸ் பதிவு 2012-இல்தான் தொடங்குகிறது, அது மோடிஸைவிடச் சிறிய தீயையும் பிடிக்கும். இரண்டையும் கலந்து எண்ணினால் 2012-ல் பஞ்சாபே திடீரென்று பற்றிக்கொண்டது போலத் தெரியும். நான்கு ஆண்டுகளுக்கும் மோடிஸை மட்டும் வையுங்கள்.